பல் ஒன்று போன பின்

பல் போனால் சொல் போச்சு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது முன்பல்லை நினைத்துச் சொன்ன சொல். கடைவாய்ப் பல் ஒன்று போனால் பேச்சுக் குழறுவதில்லை. சிரித்தாலும் அந்த இடைவெளி பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாலேதான் போலும், அதற்கென்று ஒரு பழமொழியும் தோன்றவில்லை. பழமொழி பெறாத அந்தப் பல்லைப்பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நான் பல் மருத்துவன் அல்லன்; கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனினும் இப்பொருளில் எனக்கு ஓர் அநுபவ உரிமை உண்டு. 1984-ஆம் ஆண்டில், என் 19-ஆம் வயதில், கீழ்த்தாடையின் இடப்புறத்து முதற் பெருங்கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டேன். அப்போது விடுதியில் தங்கிப் படித்துவந்தேன். பல்லில் சொத்தை விழுந்து ஒரு மாதமாக இரவில் உறக்கம் இல்லை. கிராம்பும் உப்புநீரும் ஓரளவுக்கு மேல் உதவவில்லை. தேர்வுக்கோ பத்து நாட்களே இருந்தன. பல் மருத்துவர் எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பல்லைக் காப்பாற்றலாம், தம்பி. வேரைச் சுத்தம் செய்து அடைக்கவேண்டும். நாலைந்து முறை வரவேண்டியிருக்கும்" என்றார். "அதற்கெல்லாம் நேரமில்லை, டாக்டர், எடுத்துவிடுங்கள்" என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் அதையே சொன்னேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

வலி நின்றது. ஆனால் மூன்றாம் நாள் புதிய தொல்லை ஒன்று தொடங்கிற்று. வாயை மூடினால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் பழையபடி பொருந்தவில்லை என்று தோன்றியது. வலப்புறத்துப் பற்கள் முந்திக்கொண்டு மோதுவது போலவும், இடப்புறம் அந்தரத்தில் நிற்பது போலவும், தாடை முழுவதையும் யாரோ ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்திருப்பது போலவும் இருந்தது. காதோரத்தில் ஒரு கனம். வாயைத் திறந்தால் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. நாக்கோ, வேறு வேலையே இல்லாததுபோல், அந்தப் பள்ளத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. முகம் கோணிவிடுமோ என்ற அச்சத்தில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, விடுதிக் கண்ணாடியின் முன்னே நின்று பல்லைக் கடித்துக் கடித்துச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் மருத்துவரிடம் ஓடினேன். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "ஒரு பல்லும் இடம் பெயரவில்லை. பத்து நாள் பொறுத்திருங்கள், தம்பி, எல்லாம் சரியாகிவிடும்" என்றார். நான் படியிறங்கும்போது, "தேர்வு முடிந்ததும் வாருங்கள், அந்த இடத்தில் ஒரு பல் கட்டிக்கொள்ளலாம்" என்றும் சொன்னார். அவர் கூறியவற்றுள் முன்னது அப்படியே பலித்தது. பின்னதை நான் 13 ஆண்டுகள் மறந்துபோனேன்.

பல்லை எடுத்தபின் கடிப்பில் உண்டாகும் மாறுதல்கள் இரண்டு வகை என்று இப்போது எனக்குத் தெரியும். ஒன்று, முதல் வாரத்திலேயே நம்மைக் கலக்கி எடுத்துவிட்டுத் தானே மறைந்துவிடுவது. மற்றொன்று, மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் ஓசைப்படாமல் நடப்பது. முன்னதை நாம் நன்றாக உணர்கிறோம். ஆனால் அப்போது பற்கள் நகர்வதில்லை. பின்னதில் பற்கள் உண்மையாகவே நகர்கின்றன. நாமோ ஒன்றையும் உணர்வதில்லை.

முதல் வகையை முதலில் பார்ப்போம். சுவரில் ஆணி அறைந்ததுபோலப் பல் எலும்பில் இறுகியிருக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், பல்லின் வேருக்கும் அது நிற்கும் எலும்புக் குழிக்கும் இடையே மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அகலமுள்ள இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை நுண்ணிய நார்கள் நிறைத்திருக்கின்றன. ஒரு முனை வேரிலும் மறு முனை எலும்பிலும் பதிந்த அந்த நார்களிலே பல், தூளியில் கிடக்கும் குழந்தையைப்போல், தொங்கிக்கொண்டிருக்கிறது. நாம் கடிக்கும்போது அது மிகச் சிறிதளவு அமிழ்ந்து, விட்டவுடன் மீண்டும் எழுகிறது.

இந்த நார்களின் நடுவே நரம்பு முனைகள் இருக்கின்றன. எந்தப் பல்லில், எந்தத் திசையில், எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதை அவை மூளைக்கு அறிவித்தவண்ணம் இருக்கின்றன. அவற்றின் நுட்பத்தை நீங்களே சோதித்து அறியலாம். உங்கள் தலைமயிர் ஒன்றைக் கடைவாய்ப் பற்களின் இடையே வைத்து மெல்லக் கடித்துப் பாருங்கள். மயிரின் தடிப்பு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆயினும் அது அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும். மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்கு தடிப்புள்ள மெல்லிய தகட்டைக்கூட மனிதனின் பற்கள் உணர்ந்துவிடுகின்றன என்று அளந்திருக்கிறார்கள். சோற்றிலே கிடக்கும் ஒரு மணல் துகளுக்காக உண்பதையே சட்டென்று நிறுத்திவிடுகிறோம் அல்லவா? அது இந்த நரம்புகளின் காவல்.

பல்லை எடுக்கும்போது இந்த நார்களும் அறுபடுகின்றன. அவற்றிலிருந்த காவலும் போய்விடுகிறது. தாடை எங்கே வந்து நிற்கவேண்டும் என்பதற்கு மூளை எத்தனையோ ஆண்டுகளாக நம்பியிருந்த செய்திகளில் ஒரு பகுதி திடீரென்று நின்றுவிடுகிறது. பக்கத்துப் பற்களோ, குறடும் நெம்புகோலும் பட்டுத் தாமும் சற்று நொந்திருப்பதால், வழக்கத்தைவிட உரக்கச் செய்தி அனுப்புகின்றன. ஒரு பக்கம் மௌனம், மறு பக்கம் கூச்சல். 'கடி மாறிவிட்டது' என்று மூளை முடிவு கட்டுவதில் வியப்பென்ன?

இதனோடு தசைகளின் வருத்தமும் சேர்ந்துகொள்கிறது. கீழ்க்கடைவாய்ப் பல்லை மரக்கச் செய்யும் ஊசி, தாடையின் உட்புறத்தில் மெல்லும் தசை ஒன்றின் அருகே செல்கிறது. அந்தத் தசை சற்றுப் புண்பட்டாலும் இறுகிக்கொள்ளும். வாய் திறக்க மறுக்கும். நல்ல நிலையில் ஒருவர் தம்முடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயில் நுழைக்க முடியும். எனக்கு இரண்டு விரல்தான் நுழைந்தது. நெடுநேரம் வாயைத் திறந்தே வைத்திருந்ததால் காதருகே உள்ள தாடை மூட்டும் களைத்திருந்தது.

தாடைத் தசையின் வலிமை சாதாரணமானதன்று. கன்னத்தில் விரல்களை வைத்துப் பல்லை ஒருமுறை இறுகக் கடியுங்கள். உருண்டு எழுவது தெரிகிறதா? அதுவே முதன்மையான மெல்லுதசை. இத்தாலிய அறிஞரான பொரெல்லி என்பவர் விலங்குகளின் அசைவைப்பற்றி எழுதி, 1680-ஐ ஒட்டி வெளிவந்த நூலிலே, கீழ்க்கடைவாய்ப் பற்களில் கயிற்றைக் கட்டி எடைகளைத் தொங்கவிட்டுத் தாடையின் வலிமையை அளந்ததைக் கூறுகிறார். அவருடைய கணக்கு இருநூறு கிலோகிராம் வரை போயிற்று. பிற்காலக் கருவிகள் அவ்வளவு காட்டவில்லை. நல்ல பற்களுள்ள இளைஞர் கடைவாயில் முழு வலிமையோடு கடித்தால் 50 முதல் 70 கிலோகிராம் வரை எடை தரும் அழுத்தம் உண்டாகும். முன்பற்களில் அதில் பாதிகூட இராது. காரணத்தை நம் வெற்றிலைப் பெட்டியிலுள்ள பாக்குவெட்டி சொல்லும். கொட்டைப் பாக்கை அதன் நுனியில் வைத்தா வெட்டுகிறோம்? மூட்டுக்கு அருகில் அன்றோ வைக்கிறோம்? கடைவாய் தாடை மூட்டுக்கு அருகில் இருக்கிறது. முறுக்கும் கரும்பும் தாமாகவே அங்கே போய்ச் சேர்வதன் பொருள் இதுதான்.

இவ்வளவு வலிமையுள்ள தசைகள் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும்படியே அமைந்திருக்கின்றன. உண்பது, விழுங்குவது எல்லாவற்றையும் சேர்த்தாலும், ஒரு நாளில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் இருபது நிமிடத்துக்கு மேல் இராது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மற்ற நேரங்களில் உதடுகள் மூடியிருந்தாலும் பல்வரிசைகளின் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். நானோ கண்ணாடியின் முன் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பல்லைக் கடித்துச் சோதித்தேன். தாடையில் நான் உணர்ந்த அழுத்தத்தில் பெரும்பகுதி இந்தச் சோதனையால் விளைந்ததே! இத்தகைய தொல்லை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். மென்மையான உணவும், வெதுவெதுப்பான ஒத்தடமும், பல்லோடு பல் தொடாமல் தாடையைத் தளரவிடுவதும் போதும். அடங்காமல் வீக்கமோ காய்ச்சலோ கூடினாலும், நாளுக்கு நாள் வாய் மேலும் இறுகினாலும், பற்கள் மெய்யாகவே ஒன்றோடொன்று சேராமல் நின்றாலும் காத்திருக்கலாகாது. அன்றே மருத்துவரிடம் போய்விடவேண்டும்.

இனி, ஓசைப்படாத இரண்டாவது மாறுதல்.

1771-ஆம் ஆண்டில் ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் மனிதப் பற்களைப்பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். பற்குழிகள் அமைந்த எலும்புப் பகுதியைத் தாடைக்கு உரியதாகக் கருதுவதைவிடப் பற்களுக்கு உரியதாகக் கருதுவதே பொருந்தும் என்பது அதில் அவர் கூறிய அரிய கருத்து. பல்லோடு அது தோன்றுகிறது, பல்லோடு வளர்கிறது, பல் போனால் அதுவும் கரைந்துவிடுகிறது. இக்காலத்து அளவுகள் இதை மெய்ப்பிக்கின்றன. பல்லை எடுத்த ஓராண்டுக்குள் அவ்விடத்து எலும்பு மேட்டின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே கரைகிறது. குடியிருந்தவர் போனபின் வீடு இடிந்துவிடுவது போலத்தான்.

அண்டை வீட்டாரும் சும்மா இருப்பதில்லை. பந்தியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது நடுவே ஒருவர் எழுந்துவிட்டால் என்ன நடக்கிறது? இரு பக்கத்தவரும் ஆளுக்குக் கொஞ்சம் சாய்ந்து கொள்கிறார்கள். பல்வரிசையிலும் அப்படியே. காலியிடத்துக்குப் பின்னால் நிற்கும் பல் முன்னோக்கிச் சாய்கிறது. முன்னால் நிற்பது சற்றே பின்வாங்குகிறது. இதைவிட விந்தை, எதிர்வரிசையில் நடப்பது. பற்கள் முளைத்து முடிந்ததோடு அவற்றின் எழுச்சி நின்றுவிடுவதில்லை. வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு பல்லும் எதிர்ப் பல்லை நோக்கி மெல்ல நகரும் இயல்புடையது. எதிர்ப் பல் வந்து முட்டுவதாலேயே அது தன் இடத்தில் நிற்கிறது. முட்டுக்கொடுத்தது போய்விட்டால், மேற்பல் கீழே உள்ள வெற்றிடத்துக்குள் இறங்கத் தொடங்கும். எலியின் வெட்டுப்பற்களில் இவ்வியல்பின் உச்சத்தைக் காணலாம். எதிர்ப் பல் உடைந்துபோன எலியின் பல் தேய்வின்றி வளர்ந்து வளைந்து அதன் வாயையே குத்திவிடும். நம்முடைய பல் எலியின் பல்லைப்போல் நீள்வதில்லை. இருந்த நீளத்தோடேயே இடம் பெயர்ந்து இறங்குகிறது.

இந்தத் தொடர் விளைவுகளை 1937-இல் ஹிர்ஷ்ஃபெல்டு என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் விரிவாக எழுதினார். சாய்ந்த பல்லின் அடியில் உணவு சிக்கும். சிக்கியது அழுகி ஈறு கெடும். நல்லவையாயிருந்த பக்கத்துப் பற்களிலும் சொத்தை விழும். அதன்பின் பல மருத்துவர்கள் ஒரு பல் போனால் வாய் முழுவதும் குலைந்துவிடும் என்றே நோயாளிகளை எச்சரித்துவந்தார்கள். அவ்வளவு தூரம் அஞ்சவேண்டியதில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. பத்தாண்டுகளும் அதற்கு மேலும் எதிர்ப் பல் இன்றி இருந்த 84 கடைவாய்ப் பற்களை அளந்த ஓர் ஆராய்ச்சி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறிதும் நகரவில்லை. நான்கில் ஒரு பங்கு மட்டுமே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தன. நெதர்லாந்து நாட்டு நைமேகன் நகரத்தைச் சேர்ந்த கைசர் என்பவரோ, கடைவாயின் கோடியில் சில பற்கள் இல்லாதவர்களும் நன்றாகவே மென்று உண்கிறார்கள் என்று 1981-இல் எடுத்துக்காட்டினார். கடைவாய்ப் பல் போனால் காதும் தாடை மூட்டும் நோயுறும் என்று 1934-இல் காஸ்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் கூறிய கொள்கை மிகப் பெயர் பெற்றது. ஆயினும் பின்வந்த ஆராய்ச்சிகள் அதற்குத் துணை நிற்கவில்லை.

எந்தப் பல், எந்த வயதில் என்பதையும் பார்க்கவேண்டும். அறிவுப்பல் எனப்படும் கடைசிப் பல்லை எடுத்தால் பின்னாலிருந்து சாய ஒருவரும் இல்லை. ஆகவே கடிப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. நெருக்கிக் கோணிய பல்வரிசையைச் சீராக்கும் மருத்துவர் நல்ல பற்களையே சிலவேளை எடுத்துவிட்டு, அந்த இடைவெளிக்குள் மற்றவற்றைக் கம்பியால் நகர்த்துகிறார். பற்களின் நகரும் குணம் அவருக்கு உதவிக்கு வருகிறது.

நான் இழந்த பல்லோ அப்படிப்பட்டதன்று. வாயில் முளைக்கும் நிலைப்பற்களில் முந்தியவற்றுள் ஒன்று அது. ஆறு வயதில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, வரிசையின் பின்னால் முளைக்கிறது. அதனாலேயே பெற்றோர் அதையும் பாற்பல் என்று எண்ணி, விழுந்து முளைக்கத்தானே போகிறது என்று சொத்தையைக் கவனிக்காமல் விட்டுவிடுகின்றனர். விழுந்தால் வேறு பல் முளைக்காது. எட்வர்டு ஆங்கிள் என்னும் அமெரிக்கர் 1899-இல் கடிப்புகளை வகைப்படுத்தியபோது இப்பல் நிற்கும் நிலையையே அளவுகோலாகக் கொண்டார்.

1997-இல் வலப்புறத்துப் பல் ஒன்றில் கூச்சம் என்று வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் வலப்புறத்தைப் பார்த்துவிட்டு, "இடப்புறத்தில் மெல்லுவதே இல்லையா?" என்று கேட்டார். மென்றுகொண்டுதான் இருக்கிறேன் என்று அடித்துச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் என் பல்வரிசைகளை அச்செடுத்து, மறுவாரம் பிளாஸ்டரில் வார்த்த உருவை மேஜைமேல் வைத்தார். என் வாயை நான் பக்கவாட்டில் பார்த்தது அன்றே முதல் தடவை. கீழே, இரண்டாம் கடைவாய்ப் பல் புயலில் சாய்ந்த தென்னைபோல் முன்னோக்கிப் படுத்திருந்தது. மேலே, எதிர்ப் பல் தன் வரிசையை விட்டு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் இறங்கி நின்றது. அந்த உருவின் தாடையை அவர் பக்கவாட்டில் அசைத்துக் காட்டினார். இறங்கிய பல் சாய்ந்த பல்லின்மேல் இடித்து வழிமறித்தது. இடித்துக்கொள்ளாமல் இருக்க என் தாடை என்னைக் கேளாமலே வலப்புறமாக மெல்லப் பழகிக்கொண்டது. 13 ஆண்டுகளாக இரண்டு பக்கத்து வேலையையும் செய்த வலப்புறத்துப் பல் தேய்ந்து கூசத் தொடங்கியது. எந்த ஒரு நாளிலும் ஒன்றும் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நுட்பமான நரம்புகள் இருந்தும் தெரியவில்லையா என்றால், அவை தலைமயிரின் தடிப்பைச் சொல்லும். ஆண்டுக்கு மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்கு என்று வருவதைப் பழக்கமாக்கிக்கொண்டுவிடும்.

தேர்வு முடிந்தவுடன் போயிருந்தால் இருபுறத்துப் பற்களையும் தாங்கலாகக் கொண்டு பாலம்போல ஒரு பல்லை அமைத்து வேலை முடிந்திருக்கும். அல்லது எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து அதன்மேல் பல் கட்டலாம். பிரோனெமார்க் என்னும் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் முயலின் எலும்பில் டைட்டானியம் பிரிக்கமுடியாதபடி ஒட்டிக்கொண்டதைக் கண்டு, 1965-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய முறை அது. அத்தகைய பல் உறுதியாக நிற்கும். ஆனால் அதற்கு நார்த் தூளி இல்லை, ஆகவே இயற்கைப் பல்லின் கூர்மையான உணர்வும் அதற்கு இல்லை. 1997-இல் எனக்கு இவற்றுள் எதையும் நேராகச் செய்ய இயலவில்லை. சாய்ந்த பல்லைக் கம்பியும் சுருளும் வைத்து எட்டு மாதம் நிமிர்த்தினார்கள். இறங்கிய மேற்பல்லைத் தேய்த்ததில் கூச்சம் கண்டு, அதற்கு வேர்ச் சிகிச்சை செய்து உறை போடவேண்டியதாயிற்று. நாலைந்து முறை வரவேண்டியிருக்கும் என்று சொன்னவரை மறுத்தவன், இருபத்தேழு முறை போய்வந்தேன். பிறகே பாலம் கட்டினார்கள்.

அந்த மருத்துவரிடம் கேட்டு வாங்கிவந்த பிளாஸ்டர் உரு பல ஆண்டுகள் என் வகுப்பறை மேஜையில் இருந்தது. பாலம் இன்றும் உறுதியாக இருக்கிறது. இரு பக்கமும் மெல்லலாம். ஆனால் வேர்க்கடலையை வாயில் போட்டால், என் நாக்கு அதை இன்னும் வலப்புறத்துக்கே கொண்டுபோகிறது.